கோடையும் கொடையும்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவை முன்னிட்டு, மாணவர் கோடைப் பயிற்சி முகாமின் தொடக்க நாளன்று ஆற்றிய உரை)

 

இன்று பேச இருக்கும் பொருள் யாது எனச் செயலாளர் கேட்டபோது, இளம் பியானோக் கலைஞர்கள் மேலை நாடுகளில் கோடைக்காலத்தில் பெறும் பயிற்சியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றோம். அவர் சற்று நேரம் நம் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தார். "ஐயா, பரீட்சையில் மதிப்பெண் எடுப்பது எப்படி என்று பேசினால் பிள்ளைகளுக்கு உபயோகமாக இருக்குமே" என்றார். அவர் கூறியதில் பிழை இல்லை. ஆனால் மதிப்பெண்ணைப் பற்றி ஆண்டு முழுவதும் பேசிக் கொண்டுதான் இருக்கிறோம். இன்று ஒரு நாள் வேறொன்றைப் பேசினால் எந்தப் பிள்ளையும் தோல்வியுற்று விடாது.

இப்பொருளை எடுத்துக் கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற மாதப் பொதுக்குழுவில் இம்முகாமின் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டபோது, உறுப்பினர் ஒருவர் எழுந்து, "விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் நாலு காசு சம்பாதித்துக் கொடுப்பார்கள், அவர்களை இங்கே வைத்துச் சோறு போட்டுப் படிக்க வைக்க இவ்வளவு செலவு அவசியமா?" என்று கேட்டார். நேர்மையான கேள்வி அது. கேட்டவரும் கூலி வேலை செய்து சந்தா கட்டுபவர். அவருக்கு அன்று விடை சொல்ல நம்மால் இயலவில்லை. அந்த விடையையே இன்று கூற முயல்கின்றோம். அருகில் உள்ளவர்களை எடுத்துக்காட்டாகச் சொன்னால் உறவும் பகையும் குறுக்கே வரும். தொலைவில் உள்ளவர்களைச் சொன்னால் செய்தி மட்டும் நிற்கும். ஆகவேதான் அமெரிக்க நாட்டுக்குச் செல்கின்றோம்.

நாம் பியானோ வாசிக்க அறியோம். வகுப்பறையில் வரலாறு கற்பித்துத் தலை நரைத்த நமக்கு, இசையைப் பற்றித் தீர்ப்புக் கூறும் தகுதியும் இல்லை. ஆனால் ஒரு பிள்ளை எப்படிக் கற்கிறது, எந்த இடத்தில் தடுமாறி நின்று விடுகிறது என்பதை முப்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். அந்த உரிமையில் பேசுகின்றோம்.

முதலில் பியானோ என்பது யாது என அறிதல் வேண்டும். நம் ஊர் ஆர்மோனியத்தை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதில் கட்டையை அழுத்தினால் காற்று ஒலிக்கும். பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளி உறையிட்ட ஒரு சிறு சுத்தியல் எழுந்து, இழுத்துக் கட்டிய எஃகுத் தந்தியை அடித்து மீளும். மெல்ல அழுத்தினால் மெல்லொலி. வேகமாக அழுத்தினால் பேரொலி. இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில் கிறிஸ்டோபோரி என்பவர் ஏறத்தாழ 1700-ஆம் ஆண்டில் இக்கருவியை உருவாக்கினார். இன்றைய பியானோவில் 88 கட்டைகள். வெள்ளை 52, கறுப்பு 36. பத்து விரல்களும் தனித்தனியே சிந்திக்கக் கற்க வேண்டும். இடக்கை ஒரு கதை சொல்ல, வலக்கை வேறு கதை சொல்ல, கேட்பவருக்கு இரண்டும் ஒரே கதையாக விளங்க வேண்டும். இது ஒரு நாளில் வரும் வித்தை அன்று.

வாரம் ஒரு முறை ஆசிரியரிடம் பாடம், மற்ற நாட்களில் பள்ளிக்குச் சென்று வந்தபின் வீட்டில் சிறிது நேரம் பழக்கம் என்பதே பெரும்பாலான பிள்ளைகளின் நிலை. இப்படிப் பயின்றால் விரல் வளரும்; கலை வளர்வது கடினம். ஆகவே கோடை விடுமுறையில் ஆறு வாரம், எட்டு வாரம் என வேறு எந்த வேலையும் இன்றி இசை ஒன்றிலேயே மூழ்கச் செய்யும் பயிற்சி நிலையங்களை அந்நாட்டினர் அமைத்தனர். அவற்றுள் பல, பெரிய இசை விழாக்களை ஒட்டியே நடைபெறுகின்றன. விழாவுக்கு வரும் மூத்த கலைஞர்களே பகலில் பிள்ளைகளுக்கு ஆசிரியர்களாக அமர்வர். காலையில் தன் விரலைத் திருத்திய ஆசிரியர், மாலையில் ஆயிரக்கணக்கானோர் முன் வாசிப்பதைப் பிள்ளை புல்வெளியில் அமர்ந்து கேட்கும். இதைவிடச் சிறந்த பாடப்புத்தகம் உண்டோ?

அத்தகைய இடங்களுள் டாங்கிள்வுட் என்பதைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பெர்க்ஷயர் குன்றுகளின் நடுவே, லெனாக்ஸ் என்னும் சிற்றூரை அடுத்துள்ள பண்ணை நிலம் அது. அதை ஒரு குடும்பத்தினர் 1936-ஆம் ஆண்டின் இறுதியில் பாஸ்டன் நகர இசைக்குழுவுக்குக் கொடையாக அளித்தனர். மறு ஆண்டு கூடாரம் அமைத்துக் கச்சேரி நடந்தது. 1937 ஆகஸ்ட் 12-ஆம் நாள் இரவு, கச்சேரியின் நடுவே இடியும் மழையும் பிடித்துக் கொண்டன. கூடாரம் ஒழுகியது. இசை மீண்டும் மீண்டும் நின்றது. இடைவேளையில், விழாவைத் தொடங்கியவருள் ஒருவரான ஜெர்ட்ரூட் ராபின்சன் ஸ்மித் என்னும் அம்மையார் மேடையேறி, நிலையான கட்டடம் எழுப்பப் பொருள் தாரீர் என்று கேட்டார். நனைந்த மக்கள் அந்த இடத்திலேயே கொடுக்கத் தொடங்கினர்.

அதன்பின் நடந்தது சுவையானது. புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் எலியல் சாரினென் வரைந்து கொடுத்த திட்டத்துக்குப் பணம் போதவில்லை. குறைத்துக் குறைத்துக் கேட்டபோது, இந்தத் தொகைக்கு வெறும் கொட்டகைதான் கிடைக்கும், அதற்குக் கட்டடக் கலைஞர் தேவையில்லை என்று அவர் எழுதிவிட்டார். உள்ளூர்ப் பொறியாளர் ஜோசப் பிரான்ஸ் அத்திட்டத்தையே எளிமையாக்கிக் கட்டி முடித்தார். 1938-இல் அது திறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் அமரும் அம்மண்டபத்தை இன்றும் மக்கள் 'கொட்டகை' என்றே அழைக்கின்றனர். நம் சங்கமும் கீற்றுக் கொட்டகையில் தொடங்கியதே என்று வருந்துவோர் யாரேனும் இருந்தால், அவர்கள் இதனைக் கருத்தில் கொள்ளட்டும்.

இசைக்குழுவின் தலைமை நடத்துநர் செர்கே கூசெவிட்ஸ்கி. அவர் 1874-இல் ரஷ்ய நாட்டில் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பதினான்கு வயதில் இசை கற்க மாஸ்கோ சென்றார். யூதர்கள் அந்நகரில் குடியிருக்கக் கூடாது என்பது அக்காலச் சட்டம். ஆகவே அவர் திருமுழுக்குப் பெற்ற பின்னரே அங்குத் தங்க முடிந்தது. உதவித்தொகை பெற்று, ஆளுயரம் நிற்கும் டபுள் பாஸ் என்னும் தந்திக் கருவியைப் பயின்றார். கற்பதற்காகத் தன் பிறப்பையே மறைக்க நேர்ந்த அந்தச் சிறுவன், முதுமையில் பிள்ளைகளுக்கென ஓர் இசைப் பள்ளியைக் கண்டான் என்பதே நாம் கருத வேண்டியது. 1940-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் டாங்கிள்வுட்டில் அப்பள்ளி திறக்கப்பட்டது. பிரான்சு நாடு ஹிட்லரின் படைகளிடம் வீழ்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. திறப்பு விழாவுக்கு ஆரவாரமான பாடல் ஒன்று கேட்கப்பட்டது. ராண்டல் தாம்சன் என்னும் இசையமைப்பாளர், உலகம் அழும்போது ஆரவாரம் தகாது எனக் கருதி, 'அல்லேலூயா' என்ற ஒரு சொல்லையே பெரிதும் கொண்டு அமைதியான பாடலை அமைத்துக் கொடுத்தார். அப்பள்ளியின் தொடக்க நாளில் அதைப் பாடுவது பின்னர் மரபாயிற்று.

அந்த முதல் ஆண்டு மாணவருள் ஒருவர் லெனார்ட் பெர்ன்ஸ்டீன். குடிபெயர்ந்து வந்த ஒரு வணிகரின் மகன். பத்து வயதில் அத்தை வீட்டுப் பழைய பியானோ தம் வீட்டுக்கு வந்ததால் இசைக்குள் நுழைந்தவர். இசையை நம்பிப் பிழைக்க முடியாது என்று தந்தை அஞ்சினார். அந்த மகன் உலகப் புகழ் பெற்ற நடத்துநராகி, சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1990 ஆகஸ்டில், தம் வாழ்வின் கடைசிக் கச்சேரியையும் அதே டாங்கிள்வுட்டில்தான் நடத்தினார். உயர்நிலைப் பள்ளி வயதினருக்கென 1966-இல் பாஸ்டன் பல்கலைக்கழகம் அங்கேயே தனிப் பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கியது. பியானோ மாணவர்களுக்கும் அதில் தனிப் பிரிவு உண்டு.

இத்தகைய கோடைப் பயிற்சியில் ஒரு பிள்ளையின் நாள் எப்படிக் கழியும்? காலையில் பயிற்சி அறை. அறை என்றால் ஒரு பியானோவும் ஒரு நாற்காலியும் கொண்ட சிறு கூடு. வாசித்துக் கொண்டே போவது பயிற்சி ஆகாது; பிழை வரும் இடத்தில் நின்று, அந்த இரண்டு வரியை மட்டும் எடுத்து, இடக்கையைத் தனியாகவும் வலக்கையைத் தனியாகவும், மிக மெதுவாக, பிழையின்றி வரும்வரை திரும்பத் திரும்ப வாசிப்பதே பயிற்சி. பின்னர் ஆசிரியரிடம் தனிப் பாடம். பின்னர் 'மாஸ்டர் கிளாஸ்' எனப்படும் பொது வகுப்பு. அதில் ஒரு மாணவர் வாசிக்க, மற்றவர் அனைவரும் சூழ்ந்திருக்க, மேதை ஒருவர் பிழை திருத்துவார். பிறர் பெறும் திருத்தம் தனக்கும் பாடமாகும். பிற்பகலில் வயலின், செல்லோ வாசிப்போருடன் மூவர், நால்வராகச் சேர்ந்து வாசிக்கும் பயிற்சி. தனியே அமர்ந்து பழகும் பியானோப் பிள்ளை, மற்றவர் மூச்சு விடும் இடம் அறிந்து வாசிக்கக் கற்பது அங்கேதான். மாலையில் கச்சேரி கேட்டல். சில நாள் தானே மேடை ஏறுதல்.

ஆசிரியர் என்ற முறையில் ஓர் எளிய கணக்குப் போடுகின்றோம். நாளொன்றுக்கு 4 மணி நேரம், வாரத்துக்கு 6 நாள், ஆறு வாரம் என்றால் 144 மணி நேரம். வீட்டில் நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டுமே பழகும் பிள்ளைக்கு இதே நேரம் கிடைக்க ஏறத்தாழ ஐந்து மாதம் ஆகும். ஆனால் இலாபம் இக்கணக்கில் மட்டும் இல்லை. ஒரு மணி நேரம் கற்றதை மறுநாளுக்குள் பாதி மறக்கும் பிள்ளை, நான்கு மணி நேரம் தொடர்ந்து கற்றால் மறப்பதற்கு இடமே இல்லாமற் போகிறது. நெல்லுக்கு விட்டு விட்டுத் தெளிக்கும் நீருக்கும், மடை திறந்து பாயும் நீருக்கும் உள்ள வேறுபாடு இது. கோடைப் பயிற்சியின் உட்பொருள் இதுவே.

இனி இருவர் கதையைச் சொல்லி முடிக்க விரும்புகிறோம்.

முதலாமவர் லியோன் பிளைஷர். 1928-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில், தொப்பி செய்து விற்ற ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938-ஆம் ஆண்டுக் கோடையில், ஒன்பதே வயதில், கடல் கடந்து இத்தாலி நாட்டின் கோமோ ஏரிக்கரைக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஆர்தர் ஷ்னாபெல் என்னும் பியானோ மேதை கோடைதோறும் மாணவர்களுக்கு வகுப்பு நடத்தி வந்தார். ஷ்னாபெலும் யூதர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் பெர்லின் நகரை விட்டு வெளியேறியவர். ஷ்னாபெலின் ஆசிரியர் லெஷட்டிட்ஸ்கி. அவருடைய ஆசிரியர் செர்னி. செர்னியின் ஆசிரியர் பீத்தோவன். ஆக, தொப்பி வணிகரின் மகன் ஒரு கோடையில் ஏறி அமர்ந்தது பீத்தோவன் வழிவந்த திண்ணையில்! குருவழிக் கல்வி சிலருக்கே உரியது என்று சொல்லி வாயில் அடைத்த நாட்டில் வாழும் நாம், இச்செய்தியின் எடையை உணர்வோம்.

பிளைஷர் 1952-இல் பெல்ஜியம் நாட்டின் எலிசபெத் அரசியார் போட்டியில் முதற்பரிசு பெற்றார். ஆனால் முப்பதுகளின் நடுவில், 1964-65-ஆம் ஆண்டளவில், அவருடைய வலக்கையின் கடைசி இரு விரல்கள் மடங்கிக் கொண்டன. வலியைப் பொருட்படுத்தாமல் அளவு மீறிப் பயிற்சி செய்தது அதற்குக் காரணம் எனப் பின்னாளில் அவரே கருதினார். முப்பது ஆண்டுகள் இரு கையால் வாசிக்கும் வாழ்வு இல்லை. அவர் சோர்ந்து கிடக்கவில்லை. இடக்கைக்கு மட்டும் எழுதப்பட்ட இசையை வாசித்தார், இசைக்குழு நடத்தினார், கற்பித்தார். 1986 முதல் 1997 வரை டாங்கிள்வுட் இசைப் பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். சிகிச்சைக்குப் பின் இரு கைகளாலும் மீண்டும் வாசித்து, 2004-இல் இசைத்தட்டும் வெளியிட்டார். 2020-இல் மறைந்தார். மாணவர்களே! உழையுங்கள் என்று சொல்லும் நாமே, உடலை வருத்தி அழிக்காதீர்கள் என்றும் சொல்கிறோம். விளக்கை இரவெல்லாம் எரித்து மறுநாள் வகுப்பில் உறங்குவது உழைப்பு ஆகாது. ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதியே.

இரண்டாவது கதையைச் சொல்வதற்காகவே இவ்வளவு தூரம் வந்தோம்.

அமெரிக்காவின் தென்பகுதியில் வட கரோலினா மாநிலத்தில் டிரையான் என்பது ஒரு சிற்றூர். அங்கே 1933 பிப்ரவரி 21-ஆம் நாள் யூனிஸ் வேமன் என்னும் கறுப்பினப் பெண் பிறந்தாள். எட்டுப் பிள்ளைகளுள் ஆறாவது பிள்ளை. தாய் சபை ஊழியம் செய்து கொண்டே, வெள்ளையர் வீட்டில் வேலையும் செய்தவர். தந்தை கிடைத்த தொழிலையெல்லாம் செய்தவர். கால் தரையில் எட்டாத வயதிலேயே கோயிலில் வாசிக்கத் தொடங்கியது அக்குழந்தை. தாய் வேலை செய்த வீட்டு அம்மையார் அத்திறமையைக் கண்டு, முதலில் பாடத்துக்குரிய கட்டணத்தைத் தாமே கொடுத்தார். அவ்வூரில் வாழ்ந்த மசனோவிச் என்னும் ஆங்கிலேய ஆசிரியை கற்பித்தார். வாரந்தோறும் அச்சிறுமி இரயில் பாதையைக் கடந்து வெள்ளையர் பகுதிக்கு நடந்து சென்று, பாக் என்னும் ஜெர்மானிய மேதையின் இசையைக் கற்றாள். பின்னர் அந்த ஆசிரியையே முன்னின்று, அப்பெண்ணின் பெயரால் ஒரு நிதியைத் தொடங்கினார். ஊரார் பணம் இட்டனர். அதற்கு ஈடாக அவள் அவ்வப்போது ஊராருக்கு வாசித்துக் காட்டினாள்.

அவளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கலாம். ஊர் நூலகத்தில் அவளுடைய கச்சேரி. பெற்றோர் பெருமிதத்துடன் முன் வரிசையில் அமர்ந்திருந்தனர். வெள்ளையர் வந்தபோது அவர்களை எழுப்பிப் பின்னே போகச் சொன்னார்கள். அதைக் கண்ட சிறுமி, தன் தாய் தந்தையர் முன்னே வந்து அமர்ந்தால்தான் வாசிப்பேன் என்று கூறி நின்றுவிட்டாள். அவர்கள் மீண்டும் முன்னே அமர்த்தப்பட்டனர். அதன் பிறகே வாசித்தாள்.

அன்பர்களே, முன் வரிசை, பின் வரிசை என்பது நமக்குப் புதிய செய்தி அன்று. நாம் எட்டாம் வகுப்பில் கட்டுரைப் போட்டியில் பரிசு பெற்றபோது, நம் தந்தையார் பள்ளி விழாவுக்கு வந்திருந்தார். பந்தலுக்குள் வரவில்லை. வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் துண்டைக் கையில் பிடித்துக் கொண்டு நின்றார். மேடையிலிருந்து அவரைப் பார்த்தோம். உள்ளே அழையுங்கள் என்று கேட்க நமக்கு அன்று நா எழவில்லை. அந்தச் சிறுமிக்கு எழுந்தது. அதனால் அவளை வணங்குகின்றோம்.

ஆஷ்வில் நகரில் விடுதிப் பள்ளியில் படித்து, 1950-இல் வகுப்பில் முதல் மாணவியாகத் தேறினாள். அவ்வாண்டுக் கோடையை நியூயார்க் நகரின் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் கழிக்க ஊர் நிதி வழி செய்தது. அங்கே கார்ல் பிரீட்பெர்க் என்னும் முதியவரிடம் பயின்றாள். அவர் இளமையில் கிளாரா ஷூமனிடம் பியானோ கற்றவர். பிலடெல்பியா நகரின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரிக்குரிய நுழைவுத் தேர்வே அவளது குறி. 1928 முதல் மாணவரிடம் கல்விக் கட்டணம் வாங்காத கல்லூரி அது. எனவே போட்டி கடுமை. மகள் அங்கே சேர்வாள் என்ற நம்பிக்கையில் குடும்பமே பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தது. 1951-இல் தேர்வு நடந்தது. அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

கறுப்பினத்தவள் என்பதாலேயே தன்னை ஒதுக்கினர் என்று அவர் வாழ்நாள் முழுவதும் நம்பினார். கல்லூரியைச் சேர்ந்தோர் அதனை மறுத்தனர். வரலாறு கற்பிப்பவன் இருபுறமும் கூறியாக வேண்டும். ஜார்ஜ் வாக்கர் என்னும் கறுப்பின இளைஞர் அதே கல்லூரியில் 1945-இல் பட்டம் பெற்றார். பின்னர் பிரான்சு நாட்டின் போன்டன்புளோவில், அமெரிக்க மாணவர்களுக்கென 1921 முதல் நடந்து வரும் கோடைப் பள்ளியிலும் பியானோ பயின்றார். 1996-இல் புலிட்சர் பரிசு பெற்றார். பிளாஞ்ச் பர்ட்டன் லைல்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி 1954-இல் கர்ட்டிஸில் பியானோப் பட்டம் பெற்றார். ஆகவே கதவு முழுதும் பூட்டப்பட்டிருக்கவில்லை. ஆனால் கதவு ஒருவர் இருவருக்கு மட்டுமே திறக்கும்போது, வெளியே நிற்பவர் தம் வாசிப்பில் குறையா, தம் பிறப்பில் குறையா என்று ஒருநாளும் தெளிவாக அறிய முடிவதில்லை. அந்த ஐயமே ஒரு தண்டனை. நேர்முகத் தேர்வுகளுக்குச் சென்று திரும்பிய நம் இளைஞர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அதன்பின் அப்பெண் என்ன ஆனாள்? வயிற்றுப் பாட்டுக்காக 1954-இல் அட்லான்டிக் சிட்டி நகரின் மதுக்கடை ஒன்றில் வாசிக்கச் சென்றாள். தாய்க்குத் தெரியக் கூடாதென்று பெயரை மாற்றிக் கொண்டாள். பாடினால்தான் வேலை என்று முதலாளி சொன்னதால் பாடவும் தொடங்கினாள். அந்தப் பெயர்தான் நீனா சிமோன். உலகம் அறிந்த பெயர். அவருடைய முதல் இசைத்தட்டில், ஒரு சாதாரணக் காதல் பாட்டின் நடுவே, பாக் மேதையின் முறையில் இரு கைகளும் ஒன்றையொன்று துரத்தி ஓடும் வாசிப்பைக் கேட்கலாம். டிரையான் ஊரார் இட்ட காசும், நியூயார்க் கோடையும் அங்கே ஒலிக்கின்றன! 1963-இல் பர்மிங்காம் நகரக் கோயிலில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றபோது, சினந்தெழுந்து பாட்டு எழுதி உரிமைப் போரில் இறங்கினார். இளமையும் திறமையும் கருநிறமும் ஒருங்கே பெற்றிருப்பதைக் கொண்டாடும் பாடலை 1969-இல் தம் மக்களின் பிள்ளைகளுக்குத் தந்தார். 2003 ஏப்ரலில், அவர் கண் மூடுவதற்கு இரண்டு நாள் முன்பு, அதே கர்ட்டிஸ் கல்லூரி அவருக்குக் கௌரவப் பட்டம் வழங்கியது. 52 ஆண்டுகள் தாமதித்து வந்த கடிதம் அது.

இப்போது பொதுக்குழுவில் எழுந்த கேள்விக்கு விடை கூறுகின்றோம்.

செலவு அவசியமா என்றார் அந்த உறுப்பினர். டாங்கிள்வுட்டின் மூத்த மாணவர்களுக்கு இன்றும் கட்டணம் இல்லை. தங்குமிடமும் உணவும் கொடையாளர் பொருளால் நடக்கின்றன. ஆனால் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கான கோடைப் பயிற்சிகளில் பலவற்றுக்குப் பல ஆயிரம் டாலர் செலவாகும். உதவித்தொகை பெறுவோர் போக, மற்றவரைப் பெற்றோரின் பணப்பையே தேர்ந்தெடுக்கிறது. திறமை எங்கும் பிறக்கிறது. கோடை மட்டும் பணம் உள்ள வீட்டில் பிறக்கிறது. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு விடுமுறை என்பது முன்னே ஓடும் காலம். நம் வீட்டுப் பிள்ளைக்கு அது செங்கல் சூளைக்கும் பட்டறைக்கும் போகும் காலம். சூன் மாதம் இருவரும் ஒரே பெஞ்சில் வந்து அமரும்போது, ஒருவன் ஐந்து மாதம் முன்னே இருக்கிறான். பிறகு அவனைப் பார்த்துப் புத்திசாலி என்கிறோம். நம் பிள்ளையைப் பார்த்துத் தலையெழுத்து என்கிறோம். தலையெழுத்து அன்று அன்பர்களே, அது 144 மணி நேரம். ஒரு கோடையை நம் பிள்ளைக்கு விலை கொடுத்து வாங்கித் தர நம்மால் இயலும். டிரையான் ஊரார் அதைச் செய்தனர். சிறுதுளி பெருவெள்ளம் என்பது நம் பழமொழிதானே?

ஆனால் கொடுப்போர்க்கும் ஒரு சொல் உண்டு. கர்ட்டிஸில் இடம் கிடைக்காத அன்று, அந்தப் பதினெட்டு வயதுப் பெண்ணின் தோளில் தன் துயரம் மட்டுமா இருந்தது? குடிபெயர்ந்து வந்த குடும்பமும், காசு இட்ட ஊரும் அல்லவா இருந்தன! நாம் கொடுப்பது கொடையாக இருத்தல் வேண்டும். கடனாக இருத்தல் ஆகாது. "உனக்காக இவ்வளவு செலவழித்தோமே, நீ ஆட்சியர் ஆகவில்லையே" என்று எந்தப் பிள்ளையிடமும் இச்சங்கத்தார் ஒருநாளும் கேட்கலாகாது. பியானோ மேடைக்கென்று தயார் செய்த பெண் வேறொரு மேடையில் ஒலித்தாள். நாம் எதிர்பார்த்த கதவு திறவாவிட்டாலும், கற்ற கை கற்ற கைதான்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒன்று. இம்முப்பது நாளும் உங்கள் தாய்மார் இழந்த கூலி இங்கே சோறாக வெந்து கொண்டிருக்கிறது. அதை எண்ணி அஞ்ச வேண்டாம், எண்ணிப் படியுங்கள். தெரிந்த பாடத்தையே வாசித்து மகிழாமல், பிழை வரும் இரண்டு வரியில் நின்று போராடுங்கள். கணக்கு வராதவன் கணக்கில் நில். ஆங்கிலம் வராதவள் ஆங்கிலத்தில் நில். முகாம் நிறைவு நாளில் நீங்கள் மேடை ஏறும்போது, உங்கள் பெற்றோர் எங்கே அமர்ந்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பின்னே நின்றால் முன்னே அழையுங்கள். அழைத்து அமர்த்திய பிறகு பேசத் தொடங்குங்கள்.

வேப்பமரத்தடியில் நின்ற ஒருவரை எண்ணிக் கொண்டு, இந்த அளவில் நம் உரையை முடித்துக் கொள்கிறோம்.